வெளிநாட்டுல உதவி கேக்குறது எப்படி: தொண்டி தம்பிக்கு ஒரு பதில்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. "நம்ம ஊர்ல கேக்காமலே நாலு பேரு வந்து நிப்பாங்க, இங்க கூட தங்கியிருக்கறவனே திரும்பிப் பாக்க மாட்டேங்குறான், இந்த பிரிட்டன்காரங்களுக்கு இரக்கமே இல்லையா காக்கா"ன்னு கேட்டிருந்த.

இரக்கம் இருக்கு தம்பி. நம்ம பக்கம் ஒருத்தர் சிரமப்படுறது கண்ணுல பட்டாலே போதும். ஏர்வாடி பக்கம் கரைவலை இழுக்கும்போது சும்மா கடற்கரையில நடந்து போறவரும் வந்து கயித்துல கை வச்சிருவாரு, யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க, முடிஞ்சதும் கைல நாலு மீனக் குடுத்து அனுப்புவாங்க. ராம்நாடு பஸ்ஸ்டாண்டுல பெரிய பெட்டியோட முழிச்சுக்கிட்டு நின்னா "எங்க போகணும்"னு யாராவது கேட்டுருவாங்க. இங்க அப்படி நின்னா, அடுத்தவங்க விஷயத்துல நாமளா தலையிடக் கூடாதுன்னு ஒதுங்கிப் போவாங்க, அது அவங்க பழக்கத்துல மரியாதை. வாயத் தொறந்து கேட்டுப் பாரு, ஆளே மாறிருவாங்க.

ஆனா சின்னதா, இன்னதுன்னு கேளு. "எனக்கு ஒண்ணுமே தெரியல"ன்னா எங்க ஆரம்பிக்கிறதுன்னு அவனுக்கும் தெரியாது, "இந்த வாஷிங் மெஷின்ல எந்த பட்டன்"னு கேட்டா எந்திரிச்சு வந்து காட்டுவான். கொஞ்சம் பெரிய வேலைன்னா "டைம் இருந்தா சனிக்கிழமை காலைல கட்டில் மாட்ட ஒரு கை பிடிக்க முடியுமா"ன்னு, முடியாதுன்னு சொல்லவும் அவனுக்கு இடம் விட்டுக் கேளு. நம்ம ஊர்ல நலம் விசாரிச்சு, டீ குடிச்சு, கிளம்பும்போது வாசல்ல நின்னு "அப்புறம் காக்கா, ஒரு விஷயம்"னு இழுப்போமே, அது இங்க வேண்டாம், இதுக்காகத்தான் இவ்ளோ நேரம் பேசினானான்னு அவங்களுக்கு சங்கடமாயிரும்.

முடியலன்னா பெரும்பாலும் காரணத்தோட சொல்லுவாங்க, மனசுல வச்சுக்காத. 2023ல வந்த ஒரு ஆய்வுல இங்கிலீஷ், இத்தாலியன், லாவோன்னு 8 மொழிக்காரங்க வீட்லயும் தெரிஞ்சவங்க மத்தியிலயும் பேசிப் பழகுறத வீடியோ எடுத்துப் பாத்திருக்காங்க, சுமாரா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது சின்னதா ஒரு உதவி கேக்குறாங்களாம், மறுக்குறத விட செஞ்சு குடுக்குறது ஏழு மடங்கு. தமிழ் அந்த எட்டுல இல்ல, ஆனா எங்க உம்மா அடுப்படியில நின்னு "அத எடு, இதப் பிடி"ன்னு சொல்றத நெனச்சா நம்ம வீட்டுக் கணக்கு அதுக்குக் கொறையாதுன்னுதான் தோணுது. நம்ம வீட்ல தேங்க்ஸ் சொன்னா வேத்தாளா ஆக்கிட்ட மாதிரி இருக்கும், இங்க சொல்லிரு, நெறைய ஊர்ல பஸ்ஸ விட்டு எறங்குறப்ப டிரைவருக்கே சொல்லுவாங்க.

ஜிபி (நம்ம ஏரியா பொது டாக்டர்) கிளினிக்ல பேரு பதியப் போனப்ப அட்ரஸ் ப்ரூஃப் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருந்த, அது எனக்கு ரொம்ப வருத்தமாயிருச்சு. இங்கிலாந்துல ஜிபில பதிய அட்ரஸ் ப்ரூஃபும் ஐடியும் கட்டாயம் கிடையாது, அங்க கெஞ்ச வேண்டியதில்ல. திரும்பப் போ, மாட்டோம்னா காரணத்த எழுத்துல குடுங்கன்னு அமைதியா கேளு. நடுவுல ஒடம்புக்கு முடியலன்னா 111க்கு போன் பண்ணு, உயிர் போற அவசரம்னா 999.

பணம், ரூம் மாதிரி பெரிய உதவிய மட்டும் வேலை எடத்துல கேக்காத. ஜும்மா முடிஞ்சு பள்ளிவாசல் வாசல்ல கொஞ்ச நேரம் நில்லு, தமிழ் பேசுறவங்க யாராவது கண்ணுல படுவாங்க, அவங்ககிட்ட நம்ம ஊர் மாதிரியே கேக்கலாம். நீ எந்த ஊர்ல இருக்கன்னு எழுதல, எழுது, அங்க நம்ம பக்கத்து ஆளுங்க யாரு இருக்காங்கன்னு விசாரிச்சு சொல்றேன்.