இயற்கைப் பாதுகாப்புச் செய்திகளை அதிகாரம் உள்ளவர்கள் தங்களுக்கு ஏற்றபடி வளைக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். நீங்கள் ஏதோ ஒரு காட்டையோ புலிகள் காப்பகத்தையோ மனத்தில் வைத்துக் கேட்டிருக்கலாம். நான் மொரிஷியஸில் இருப்பதால் கடலை வைத்துச் சொல்கிறேன், அதுவும் ஏமாந்தவர்களில் ஒருவனாக.

முன்பு மொரிஷியஸோடு இருந்து, பிறகு பிரிட்டன் பிரித்தெடுத்துக்கொண்ட இந்தியப் பெருங்கடல் தீவுகள் சாகோஸ். அவற்றைச் சுற்றியுள்ள கடலைக் காப்பகமாக்கும்படி பிரிட்டனைக் கேட்ட மனுக்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர், நானும் இட்டேன். 2010 ஏப்ரல் 1 அன்று, தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பரப்பில் அந்தக் காப்பகம் அறிவிக்கப்பட்டதும், நாளிதழில் வந்த வண்ணப்படத்தைக் கத்தரித்து என் தமிழ் வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். நீலக் கடல், வெண்மணல், தென்னைகள். கீழே, மனிதன் கால்படாத சொர்க்கம் என்பதுபோல் ஒரு வரி.

எங்கள் பள்ளியைப் பெருக்க வந்த தாந்தின் (இங்கே பேசும் கிரியோல் மொழியில் அத்தை முறையுள்ளவரை அப்படித்தான் அழைப்போம்) அந்தத் தீவுகளில் ஒன்றான பெரோஸ் பான்யோஸில் பிறந்தவர். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் படத்தை நெடுநேரம் பார்த்தவர், மரங்களின்மேல் ஒவ்வொன்றாக விரலை நகர்த்தியபடி, "மிஸ்யே (ஐயா), தானாக முளைத்த தென்னை இப்படியா வரிசையில் நிற்கும்?" என்றார். அவருடைய தகப்பனார் அங்கே கொப்பரைத் தோட்டத்தில் தேங்காய் உரித்தவர். அடிமைகளும் பின்னர் கூலிகளும் நட்டு வளர்த்த அந்தத் தோட்டங்களிலிருந்து, அத்தீவுகளில் பெரியதான டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1968க்கும் 1973க்கும் இடையில் குடிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். ஆள்களை அப்புறப்படுத்திய பிறகுதான் அது கால்படாத இடமாயிற்று. காப்பகத்தில் விதித்த மீன்பிடிப்புத் தடையிலிருந்து டியேகோ கார்சியாவுக்கும் அதை ஒட்டிய கடலுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

2010 டிசம்பரில், இரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்றில், காப்பகம் அமைந்தால் பழைய குடிகள் திரும்பிவரக் கோருவது கடினமாகிவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் 2009இலேயே சொன்னதாகப் பதிவாகியிருந்தது. 2015இல் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின்கீழ் அமைந்த நடுவர் மன்றம், காப்பகம் அறிவிக்கப்பட்ட முறை அந்த உடன்படிக்கைக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. உள்நோக்கம் இருந்ததென்று அந்த மன்றம் கூறவில்லை. ஆகவே நானும் தீர்ப்பின் பெயரால் அப்படிக் கூறமாட்டேன்.

பவளப்பாறைகளைக் காக்கவே வேண்டாமா என்று யாரேனும் இங்கே கேட்பார்கள். வேண்டும், அங்குள்ள பாறைகள் உண்மையிலேயே அரியவை. அவற்றோடு வாழ்ந்தவர்களை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே என் கேள்வி. எங்கள் அரசியல்வாதிகளும் ஒன்றும் உத்தமர்கள் அல்லர்: 1965இல் 30 லட்சம் பவுண்டு பெற்றுக்கொண்டு தீவுகளைப் பிரித்துக் கொடுக்க இசைந்தவர்கள் இங்கிருந்தவர்களே, இன்று தேர்தல் மேடைகளில் அது நாட்டின் மானப் பிரச்சினையாகப் பேசப்படுகிறது.

படத்தை அன்றே கழற்றிவிட்டேன் என்று எழுத ஆசைதான். நவம்பர்வரை அது சுவரிலேயே இருந்தது. ஆண்டிறுதியில் அறையை ஒழித்தபோது தாந்தின் அதைத் தனக்குத் தரும்படி கேட்டார், கீழே இருந்த வரியை வெட்டிவிட்டு.