ஆரம்பகால கௌபாய் ஊமைப்படங்களில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

கதை மெலிந்து, படச்சுருளும் தேய்ந்துபோன இந்தப் படங்களை இன்று எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அவற்றைத் தேடிப் பார்ப்பது, கேமராவின் முன் நின்ற மனிதர்களுக்காகத்தான்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலமான மறு ஆண்டு, 1908-இல், அங்குள்ள காஷ் என்னும் சிற்றூரில் எடுக்கப்பட்டது ‘தி பேங்க் ராபரி’. அதில் கொள்ளையனாக நடிக்கும் ஆல் ஜென்னிங்ஸ், உண்மையிலேயே ரயில் கொள்ளைக்காகச் சிறை சென்று மீண்டவர். படத்தை இயக்கிய பில் டில்மன், அந்த வட்டாரத்தில் கொள்ளையரைத் துரத்திப் பிடித்த மார்ஷல், அதாவது காவல் அதிகாரி. கேமரா பெரும்பாலும் தொலைவிலேயே நிற்கிறது, காட்சிகளும் தேவைக்கு மேல் நீள்கின்றன. ஆனாலும் அவர்கள் குதிரையேறும் வேகத்தில், பிழைப்புக்காகவே அதைப் பழகிய உடம்பின் இயல்பு தெரிகிறது. பின்னாளைய எந்தப் பெரிய நட்சத்திரத்திடமும் நான் அதைக் கண்டதில்லை.

தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸின் நிறுவனம் 1912-இல் எடுத்த ‘தி இன்வேடர்ஸ்’ படத்தையும் பாருங்கள். பழங்குடித் தலைவரின் மகளாக வருபவர் வெள்ளைக்கார நடிகை என்பது உறுத்தினாலும், பழங்குடியினராக வருபவர்களில் பலர் உண்மையிலேயே லகோட்டா பழங்குடி மக்களே. ரயில்பாதைக்காக நிலம் அளக்க வருபவர்கள் ஒப்பந்தத்தை மீறுவதிலிருந்துதான் போர் மூள்கிறது என்று அந்தக் காலத்திலேயே இப்படம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது.

எளிதில் தீப்பற்றும், நாளடைவில் சிதையும் நைட்ரேட் சுருளில் பதிவானதால் இத்தகைய படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. இயக்குநர் ஜான் ஃபோர்டின் முதல் முழுநீளப் படமான ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’ (1917) கூட, பல காலம் தொலைந்ததாகவே கருதப்பட்டு, 1966-இல்தான் செக்கோஸ்லோவாக்கியாவின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதன் நாயகன் ஹாரி கேரி நியூயார்க்கில் பிறந்தவர், பிறவிக் கௌபாய் அல்லர். ஆயினும் ஒரு கையால் மறு கையின் முழங்கையைப் பற்றியபடி தயங்கி நிற்கும் அவரது தோரணை மனத்தை விட்டு அகலாதது. கேரி மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1956-இல் வெளிவந்த ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் இறுதிக் காட்சியில், கேரியின் மனைவி ஆலிவும் நடித்திருந்த அதே படத்தில், நாயகன் ஜான் வெய்ன் வாசலுக்கு வெளியே தன் முழங்கையை அப்படியே பற்றிக்கொண்டு நிற்கிறார். ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’ பார்த்த பிறகுதான் அவர் யாரை நினைத்து அப்படி நின்றார் என்பது எனக்குப் புரிந்தது.