வீட்டுச் சாதனங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் ஹாலில் இருக்கிற ஸ்மார்ட் ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுகிறது, தண்ணீர் மோட்டாரின் வைஃபை சுவிட்ச் ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. ஓவன் கசிகிறது, தூக்கிப் போடு என்கிறார் மாமனார். அணைத்த ஓவனுக்குள் போனை வைத்து மூடி அழைத்துப் பார்த்தோம், ரிங் போகிறது! பயமாக இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தூக்கிப் போட வேண்டாம். அந்தப் போன் சோதனையை முதலில் மறந்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அதற்கு அர்த்தமே கிடையாது. மிக மெல்லிய சிக்னலையும் பிடிக்கும்படி செய்யப்பட்டது செல்போன். ஓவன் கதவு அலையைப் பல ஆயிரம் மடங்கு குறைத்தாலும் மிச்சமிருப்பது அது ரிங் ஆகப் போதும்.

நடப்பது வேறு. ஓவனுக்குள் இருக்கும் மேக்னட்ரான் சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில் அலை வீசுகிறது, உங்கள் வைஃபை 2.4-லிருந்து 2.48 வரை உள்ள அதே பட்டையில் பேசுகிறது. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாட்டில், ரேடியோ தகவல் தொடர்பு அல்லாத தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கிய இடம் இது. எப்படியும் இரைச்சல் இருக்கும் இடம்தானே என்று பின்னால் இங்கே உரிமம் இல்லாத ரேடியோக்களை அனுமதித்தார்கள், இந்தியாவில் 2005-ல் அதற்கான அறிவிப்பு வந்தது. ஆக, ஓவன்தான் பழைய குடித்தனக்காரர், வைஃபை பிறகு வந்த ஒண்டுக்குடித்தனம்.

கணக்கைப் பாருங்கள். 800 வாட் ஓவனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வெளியே வந்தாலே 80 மில்லிவாட். பல ரூட்டர்கள் வீசுவதே 100 மில்லிவாட் அளவில்தான். ஆளுக்கு ஒன்றும் ஆகாத அந்தச் சொற்பக் கசிவு, பக்கத்தில் இருக்கிற வைஃபைக்குப் பெரிய சத்தம். அப்புறம், சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வகை ஓவனில் மேக்னட்ரான் தொடர்ந்து வேலை செய்வதில்லை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு 20 மில்லிசெகண்டிலும் ஏறக்குறையப் பாதி நேரம் சும்மா இருக்கும், அந்தச் சந்தில் வைஃபை புகுந்துகொள்கிறது. அதனால்தான் பாட்டு அடியோடு நின்றுபோகாமல் திக்கித் திக்கி வருகிறது.

ரூட்டர் சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தால் எதிர்ப்பக்கம் மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஸ்பீக்கர், டிவி இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மோட்டார் சுவிட்ச், ஸ்மார்ட் பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டுமே தெரிந்தவை, அவற்றுக்காக ரூட்டர் செட்டிங்கில் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து 1-க்கு மாற்றிப் பாருங்கள். அதன் மையம் 2.412, ஓவனிலிருந்து ஓரளவு விலகி இருக்கும்.

மாமனார் சொல்வதில் ஒரு விஷயம் மட்டும் சரி. கதவின் கீல் தளர்ந்திருந்தாலோ, கதவு விளிம்பு வளைந்திருந்தாலோ, முழுசாக மூடாவிட்டாலோ ஓவனை ஓட்டாதீர்கள், கசிவு மீட்டர் வைத்திருக்கும் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள். 5 செ.மீ. தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் உச்சவரம்பு. மற்றபடி, மணி அடிக்கும் முன்பே கதவை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998-லிருந்து அவ்வப்போது பதிவான விசித்திர சிக்னல்களுக்கு 2015-ல் காரணம் கண்டுபிடித்தார்கள்: ஓடிக்கொண்டிருந்த மைக்ரோவேவின் கதவை யாரோ அவசரமாகத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பும் மிக்சியும் இதே மாதிரி வைஃபையைக் கெடுக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இண்டக்‌ஷன் வேலை செய்வது சில பத்து கிலோஹெர்ட்ஸில், வைஃபை அதற்குச் சுமார் லட்சம் மடங்கு மேலே. இரண்டுக்கும் சண்டையே இல்லை. பழைய ஏ.எம். ரேடியோ வைத்திருந்தால் அதில் உறுமல் கேட்கலாம். மிக்சியின் கார்பன் பிரஷ் பொறியும் அப்படித்தான், ரேடியோவைத்தான் படுத்தும். மிக்சி போட்டதும் நெட் போகிறது என்றால் அலையைச் சந்தேகிக்காமல் வயரிங்கைப் பாருங்கள், வோல்டேஜ் இறங்கி ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதோ என்னவோ.

கேள்வி: சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஜிக்பீ (வீட்டுச் சென்சார்கள், பல்புகளுக்கான குறைந்த சக்தி ரேடியோ) டாங்கிளை யு.எஸ்.பி.யில் செருகி, கதவு சென்சார்களையும் பல்புகளையும் இணைத்திருக்கிறேன். புது ஹார்டு டிஸ்க் மாட்டியதிலிருந்து சென்சார்கள் காணாமல் போகின்றன. கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம்.
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அந்த ஹார்டு டிஸ்க்தான். யு.எஸ்.பி. 3 இணைப்பு வேகமாக ஓடும்போது, வைஃபை போலவே ஜிக்பீயும் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கொட்டும், இதை இன்டெல் நிறுவனமே 2012-ல் விளக்கி எழுதியிருக்கிறது. டாங்கிளை டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே செருகினால் சென்சாரின் மெல்லிய குரல் அதில் அமுங்கிப்போகும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் யு.எஸ்.பி. 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளைத் தள்ளி வையுங்கள். இவ்வளவு மலிவான வைத்தியம் இந்தத் துறையில் வேறு கிடையாது.

கரண்ட் விஷயம் தனி. மின்சாரம் திரும்பியதும் ரூட்டர் ‘ஆட்டோ’வில் புது வைஃபை சேனலைத் தேடிக்கொள்கிறது, ஜிக்பீ பழைய இடத்திலேயே நிற்கிறது, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் தகராறு. வைஃபையை 1-ல் பூட்டுங்கள், ஜிக்பீயை அதன் 25-ம் சேனலுக்குக் கொண்டுபோங்கள். மாற்றியபின் சில சென்சார்களை மறுபடி இணைக்க வேண்டிவரும், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் செய்யுங்கள். பல்புக்கு இன்னொரு தொல்லை: கரண்ட் சட்சட்டென்று பலமுறை போய் வந்தால் சில பல்புகள் அதையே ரீசெட் கட்டளையாக எடுத்துக்கொண்டு புதிதாக இணைக்கச் சொல்லிக் கண் சிமிட்டும். அதற்கு ரூட்டரைத் திட்டிப் பயனில்லை, அந்த லைட் லைனை இன்வெர்ட்டரில் போட்டால் குறையும்.

கேள்வி: கேட் திறக்கும் ரிமோட் ராத்திரியில் மட்டும் பக்கத்தில் போனால்தான் வேலை செய்கிறது.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: ராத்திரி மட்டும் என்றால் கேட் விளக்கைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த ரிமோட்டுகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், மலிவு எல்.ஈ.டி. பல்பின் உள்ளே மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட் அந்தப் பக்கம் வரை இரைச்சல் போடக்கூடும். விளக்கை அணைத்துவிட்டு அதே தூரத்திலிருந்து அழுத்திப் பாருங்கள். திறந்தால் வேறு நல்ல பல்பு போடுங்கள், இல்லையென்றால் ரிசீவரை விளக்கிலிருந்து தள்ளி மாட்டச் சொல்லுங்கள். விளக்கை அணைத்தும் திறக்கவில்லையா, ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள்.