மாகாண அருங்காட்சியகமா, நகர அருங்காட்சியகமா?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர்களான நானும் என் கணவரும் சீனாவுக்குச் செல்லவிருக்கிறோம். சிய்யான், நான்ஜிங், சுவான்சோ ஆகிய நகரங்களுக்குப் போவதாக முடிவாகியுள்ளது. பெரிய நகரங்களில் மாகாணத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனி அருங்காட்சியகங்கள் இருப்பதாக அறிகிறோம். ஓர் ஊரில் ஒன்றைப் பார்க்கவே நேரம் உண்டு. எதைத் தெரிவுசெய்யலாம்?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: மாகாண அருங்காட்சியகம் தன் எல்லைக்குள் கிடைத்தவற்றில் சிறந்தவற்றைத் திரட்டி, அரச மரபுகளின் வரிசையில் வைத்திருக்கும். நகர அருங்காட்சியகமோ அந்த மண்ணில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். மரபுகளின் வரிசையை ஒரு முறை அறிந்துகொண்டால் போதும் என்பதால், முதல் ஊரில் மாகாணத்தினதையும் அடுத்த ஊர்களில் நகரத்தினதையும் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

அந்த முதல் ஊர் சிய்யானாக இருக்கட்டும். சிய்யான் அமைந்துள்ள சென்சி மாகாணத்துக்குரிய, 1991இல் திறக்கப்பட்ட சென்சி வரலாற்று அருங்காட்சியகம் தொல்பழங்காலம் முதல் 1840 வரையான காலத்தைக் காட்டுகிறது. சாங்கான் என்ற பெயரில் பல மரபுகளுக்குத் தலைநகராக இருந்த ஊர் இது. 399இல் இங்கிருந்து புறப்பட்ட பாசியான் என்ற துறவிதான் பின்னர் இலங்கையில் ஈராண்டு தங்கினார்.

நான்ஜிங்கில் பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். 'நான்ஜிங் அருங்காட்சியகம்' எனப்படுவது உண்மையில் ஜியாங்சு மாகாணம் முழுவதற்கும் உரியது. நகரத்துக்குரியது சாவ்தியான் மாளிகையில் உள்ளது. 1421 வரை மிங் பேரரசின் தலைநகராக இருந்த இவ்வூரின் தளபதிகளது கல்லறைகளில் கிடைத்த பொருள்களை அங்கே காணலாம். தமிழ், சீனம், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலிக் கல்வெட்டைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்த்திருப்பீர்களாயின், அதை நிறுவிய மிங் காலக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கடற்பயணங்களுக்குக் கப்பல்கள் கட்டப்பட்ட ஊர் இது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சுவான்சோவில் இந்தக் கேள்வியே எழாது. பூஜியான் மாகாண அருங்காட்சியகம் பூசோ நகரில் இருக்கிறது. இங்கே நகர அருங்காட்சியகத்தையும் விட்டுவிட்டு, 1959இல் நிறுவப்பட்ட கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். கோணேசர் கோயிலடியில் வாழும் உங்களுக்கு, சீனக் கொத்தர் கைபட்ட சிவாலயச் சிற்பத் துண்டுகளை அங்கே காண்பது தனி அனுபவமாக இருக்கும். செகசைக் கான் என்னும் பேரரசரின் உடல்நலத்துக்காகச் சிவன் திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்ட செய்தியைக் கூறும் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இந்நகரில் கிடைத்ததே. அந்த ஆண்டில் சீனாவை ஆண்டவர் குப்ளாய் கான். பின்னர் கையுவான் பௌத்த விகாரைக்குப் போய், பிரதான மண்டபத்தின் பின்புறம் நிற்கும் இரு தூண்களைப் பாருங்கள். இடிந்த இந்துக் கோயிலிலிருந்து வந்த அவற்றில் கண்ணனும் நரசிம்மரும் இருக்கிறார்கள். 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, மிளகும் வாசனை மரங்களும் ஏற்றிவந்த, சொங் அரச மரபுக் காலக் கப்பலும் அதே வளாகத்தில்தான் உள்ளது. நேரம் நெருக்கினால் நான்ஜிங்கில் குறையுங்கள், சுவான்சோவில் குறைக்காதீர்கள்.

2008 முதல் சீனப் பொது அருங்காட்சியகங்களிற் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆயினும் பலவற்றுக்கு முன்பதிவு வேண்டும். சிய்யானில் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். மூலக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடப்படுவதால், அந்த நாளை ரயில் பயணத்துக்கு ஒதுக்குங்கள்.