சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் கால்பந்துக் கிளப்பான எஃப்சி பாசல் எப்படித் தொடர்ந்து 8 முறை சுவிஸ் சாம்பியன் ஆனது? அப்புறம் ஏன் சரிந்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பணம் மட்டும் காரணம் இல்லை. "எல்லாம் ரோஷ் மருந்துக் கம்பெனிக் காசு" என்று எதிரணி ரசிகர்கள் சொல்வது பாதிதான் சரி. அந்தக் காசு படுத்துக் கிடந்த கிளப்பை எழுப்பி உட்கார வைத்தது. 2010 முதல் 2017 வரை ஒரு வருடம்கூட விடாமல் பட்டம் வாங்க வைத்தது வேறு விஷயம்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஹெல்முட் பென்ட்ஹவுஸ் பயிற்சியாளராக இருந்த 1967-80 காலத்தில் பாசல் 7 முறை சாம்பியன். அதன் பிறகு இறங்குமுகம். 1988-ல் இரண்டாம் டிவிஷனுக்கே போய்விட்டது, மேலே ஏறி வர 1994 ஆனது. இன்றைய பாசலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும்.

திருப்பம் 1999-ஐ ஒட்டி வந்தது. ரோஷ் வாரிசுக் குடும்பத்தில் திருமணமான கிகி ஓரி நிர்வாகக் குழுவுக்குள் வந்தார், பயிற்சியாளராக கிறிஸ்டியன் கிராஸ் வந்தார். 2001-ல் 'யோகெலி' என்ற பழைய மைதானம் இருந்த இடத்தில் ஹெர்சோக் - டி மெய்ரோன் வடிவமைத்த புதிய செயின்ட் யாகோப் பார்க் திறந்தது. ஸ்டேடியத்தோடு ஒட்டிக் கடைவளாகமும் முதியோர் குடியிருப்பும் உண்டு. ரசிகர்கள் இன்றும் அதை யோகெலி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

2002-ல் 22 வருடத்துக்குப் பிறகு பட்டம், கூடவே சுவிஸ் கோப்பையும். அந்த இலையுதிர் காலம்தான் பாசல் யார் என்று ஐரோப்பாவுக்குத் தெரிந்த காலம். ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் செல்டிக்கிடம் கிளாஸ்கோவில் 1-3, ஊரில் 2-0; மொத்தம் 3-3, வெளியூரில் போட்ட கோல் கணக்கில் பாசல் உள்ளே. குழுவில் வாலென்சியா, லிவர்பூல், ஸ்பார்டக் மாஸ்கோ. கடைசி ஆட்டத்தில் லிவர்பூலுக்கு வெற்றி கட்டாயம், பாசலுக்கு டிரா போதும். அரை மணி நேரம் ஆகும் முன்னே ரோஸ்ஸி, கிமெனெஸ், அட்டூபா என்று பாசல் 3-0. லிவர்பூல் மூன்றையும் திருப்பியது, நான்காவது மட்டும் வரவில்லை. அடுத்த குழுச் சுற்றில் ஜுவென்டஸை 2-1 என்று தோற்கடித்தார்கள். கடைசியில் ஜுவென்டஸ், டிபோர்டிவோ, பாசல் மூன்றுக்கும் 7 புள்ளி. மேலே போனது ஜுவென்டஸ். அவர்கள் அந்த வருடம் இறுதிப் போட்டி வரை போனார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கிராஸ் காலத்தில் 4 லீக் பட்டம். ஆனால் பாசல்காரர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் 2006 மே 13-தான் முதலில் வரும். லீக்கின் கடைசி நாள், எதிரணி எஃப்சி சூரிச், சொந்த மைதானம், டிரா செய்தாலே பட்டம். 1-1 என்று இருந்த ஆட்டத்தில் 93-வது நிமிடம் சூரிச்சின் ஃபிலிபெஸ்கு கோல் போட்டார். கோல் வித்தியாசத்தில் பட்டம் சூரிச்சுக்கு. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி, அடிதடி, கலவரம். காசு இருந்தும் ஆதிக்கம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்த 8 பட்டங்களை 5 பயிற்சியாளர்கள் வாங்கிக் கொடுத்தார்கள்: தோர்ஸ்டன் ஃபிங்க், ஹைகோ ஃபோகல், முராத் யாக்கின், பவுலோ சோசா, ஊர்ஸ் ஃபிஷர். ஃபிங்க் சீசன் நடுவில் ஹாம்பர்க் போனார், அவருடைய உதவியாளர் ஃபோகல் பட்டத்தை முடித்து வைத்தார். ஆக, ரகசியம் பயிற்சியாளர் நாற்காலியில் இல்லை. அது மேலே இருந்தது: பெர்ன்ஹார்ட் ஹோய்ஸ்லர் என்ற வழக்கறிஞர், விளையாட்டு இயக்குநர் கெயோர்க் ஹைட்ஸ். ஹோய்ஸ்லர் 2012-ல்தான் ஓரியிடமிருந்து தலைவர் பதவியை ஏற்றார், ஆனால் அதற்கு முன்பே அன்றாட வேலை அவர் கையில்தான்.

இவர்கள் செய்தது மூன்று வேலை. ஒன்று, ஜெர்மனியில் ஆடிப் பெயர் வாங்கிய உள்ளூர்ப் பையன்களைத் திரும்பக் கூட்டி வருவது. ஸ்ட்ரெல்லர், ஹுக்கெல், டார்ட்மண்டிலிருந்து அலெக்சாண்டர் ஃப்ரை எல்லோரும் அப்படி வந்தவர்கள். இரண்டாவது, இந்தப் பெரியவர்கள் பக்கத்தில் ஷாகிரி, கிரானிட் ஜாக்கா போன்ற சொந்த அகாடமிப் பிள்ளைகளை நிறுத்தி வளர்ப்பது. மூன்றாவது, அவர்களைச் சரியான நேரத்தில் விற்று, விற்கும் முன்பே அடுத்த ஆளைத் தயாராக வைத்திருப்பது. 2012 கோடையில் ஷாகிரி பேயர்னுக்கும் ஜாக்கா மோன்சென்கிளாட்பாகுக்கும் போனார்கள். அதே கோடையில் வந்து சேர்ந்தவர் முகமது சலா.

சலா கதையைச் சொல்லாமல் போக முடியாது. 2012 பிப்ரவரியில் எகிப்தின் போர்ட் செய்த் மைதானத்தில் நடந்த படுகொலையில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்து, அந்த நாட்டு லீக்கே நின்றுபோனது. ஆட்டம் நடந்தால்தானே போய்ப் பார்க்க முடியும்? பாசல் எகிப்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணியையே ஊருக்கு வரவழைத்து நட்பு ஆட்டம் வைத்தது. சலா இரண்டாம் பாதியில் மட்டும் இறங்கி 2 கோல் அடித்தார், எகிப்து 4-3 என்று வென்றது. ஒரு வாரம் தங்கிப் பயிற்சி செய்யச் சொன்னார்கள், அப்புறம் ஒப்பந்தம். சாம்பியன்ஸ் லீக்கில் மியூனிக்கில் பேயர்னிடம் போய் 7-0 என்று உதை வாங்கிய அதே வாரத்தில் நடந்த வேலை இது. 2013 இலையுதிர் காலத்தில் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் சலா செல்சிக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் கோல் போட்டார், பாசல் இரண்டையும் வென்றது. செல்சியே அவரை 2014 ஜனவரியில் வாங்கிக்கொண்டது. பிறகு எல்நெனி ஆர்சனலுக்கு, எம்போலோ ஷால்கேக்கு, அகாஞ்சி டார்ட்மண்டுக்கு.

இது ஒரு சக்கரம். லீக் பட்டம் சாம்பியன்ஸ் லீக்கைத் தருகிறது. 2011, 2014, 2016, 2017-ல் சுவிஸ் சாம்பியனுக்குத் தகுதிச் சுற்றே இல்லாமல் நேரடி இடம் கிடைத்தது. அங்கே கிடைக்கும் தொகை மற்ற சுவிஸ் கிளப்புகளின் பட்ஜெட்டோடு ஒப்பிடவே முடியாதது. அங்கே ஆடுவதால் ஆட்டக்காரன் விலை ஏறுகிறது, விற்ற காசில் அடுத்த அணி, அந்த அணி மறுபடி பட்டம். 2011 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வீழ்த்தி வெளியே அனுப்பியதெல்லாம் அதிசயம் போலத் தெரிந்தாலும் அதிசயம் இல்லை.

இதன் பலவீனம் என்ன தெரியுமா? ஒரே ஒரு பட்டம் போனால் போதும்.

2017-ல் ஹோய்ஸ்லர் குழு மொத்தமாக விலகியது, ஊடக உரிமை வியாபாரம் செய்த பெர்ன்ஹார்ட் புர்கெனர் கிளப்பை வாங்கினார். முதல் சீசனில் ஐரோப்பாவில் ஜோராகத்தான் இருந்தது. பென்ஃபிகாவை 5-0, யுனைடெட்டை 1-0, மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் ஊரிலேயே 2-1. ஆனால் லீக் பட்டம் 32 வருடம் காத்திருந்த யங் பாய்ஸுக்குப் போனது. இரண்டாம் இடம் என்றால் தகுதிச் சுற்று. 2018 கோடையில் பாசல் கிரீஸின் பாவோக்கிடம் தோற்றது, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகுக்கான சுற்றில் சைப்ரஸின் அப்போலோனிடமும் தோற்றது. வருமானம் அறுந்தது, சம்பளப் பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது. சக்கரம் யங் பாய்ஸிடம் போனது.

நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு கிளைக்கதை: இதே புர்கெனர் காலத்தில், 2019-ல் பாசல் சென்னை சிட்டி எஃப்சியில் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. கோயம்புத்தூரில் ஆடிய அந்த அணி அந்த சீசனில் இந்தியாவின் ஐ-லீக் பட்டமும் வென்றது. நமக்குப் பெருமைதான். ஆனால் சொந்த அணி தடுமாறும்போது இந்தியாவில் எதற்கு முதலீடு என்று பாசல் ரசிகர்கள் பலர் கொதித்தார்கள், அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. திட்டம் பெரிதாக எங்கும் போகவில்லை. சில வருடங்களில் சென்னை சிட்டியும் ஐ-லீக்கில் இல்லை.

2021-ல் புர்கெனர் தன் பங்கை ஒரு பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் போகிறார் என்றதும் ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் முன்னாள் ஆட்டக்காரர் டேவிட் டேகன் கைக்குக் கிளப் வந்தது. டேகனின் வழி வேறு: இளம் ஆட்டக்காரர்களைக் கும்பலாக வாங்கி, ஓரிரு சீசனில் விற்பது. கலஃபியோரியை ரோமாவிடம் வாங்கி ஒரே வருடத்தில் போலோன்யாவுக்கு விற்றார்கள். வியாபாரமாக நல்லதுதான், ஆனால் அணி என்று ஒன்று உருவாக நேரமே கொடுப்பதில்லை. 2023 மே மாதம் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் அரையிறுதியில் ஃபியோரென்டினாவிடம் கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் வெளியேறினார்கள். எதிரணியில் நின்ற ஆர்தர் கப்ரால் பாசலே விற்ற ஆள். அந்த இலையுதிர் காலத்தில் லீக்கில் கடைசி இடம், சீசன் முடிவில் 8-வது இடம்.

அப்புறம் 2024 ஆகஸ்டில் ஷாகிரி சிகாகோவிலிருந்து ஊர் திரும்பினார். 32 வயது, கதை முடிந்தது என்று நானும் நினைத்த ஆள், அந்த சீசனில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தார். 2025-ல் லீக் பட்டம், கிளப்பின் 21-வது. கோப்பை இறுதியில் மூன்றாம் டிவிஷன் அணியான பீலை 4-1 என்று வென்று இரட்டைப் பட்டம். ஸ்ட்ரெல்லர், ஃப்ரை காலத்து உத்திதான், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவது.

ஆனால் சக்கரம் முழுதாகச் சுற்றவில்லை. 2025 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக்கின் கடைசித் தகுதிச் சுற்றான பிளே-ஆஃபில் கோபன்ஹேகனுடன் ஊரில் 1-1, அங்கே போய் 0-2. நேரடி இடம் கிடைத்த அந்தப் பழைய வருடங்களாக இருந்திருந்தால் இந்த ஆட்டத்தையே ஆட வேண்டியிருந்திருக்காது.