வாயேஜரைப் பார்த்துக்கொள்பவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே விண்வெளிப் பைத்தியம். ஸ்டார்ஷாட் திட்டத்தை அறிவித்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். 20 வருடத்தில் பக்கத்து நட்சத்திரக் கூட்டமான ஆல்ஃபா சென்டாரி போய்விடலாம் என்றார்கள். இப்போது அது கிடப்பில் கிடக்கிறதாம். நாசாவோ வாயேஜர் விண்கலம் என்ற ஐம்பது வருடப் பழைய இரும்புக்கு உயிர் கொடுப்பதையே சாதனையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் புதிய எஞ்சின் செய்யக் கூடாதா? என் ஆயுளுக்குள் மனிதன் இன்னொரு நட்சத்திரத்துக்கு எதையாவது அனுப்புவானா? மேற்படிப்புக்கு ஒளியின் அழுத்தத்தில் கலத்தைத் தள்ளும் ஒளிப்பாய், அணுக்கரு இணைவு எஞ்சின் இரண்டில் எதை எடுக்கலாம்?

இன்னும் இரண்டு கேள்விகள். வெளியிலிருந்து சூரியக் குடும்பத்துக்குள் வந்த 3ஐ/அட்லஸ் வேற்றுக்கிரகக் கலம் என்கிறார்களே, உண்மையா? வேற்றுலகத்தார் கேட்கட்டும் என்று வாயேஜரில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் இருக்கும்போது தமிழ் மட்டும் ஏன் இல்லை?

கேம்பஸில் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. வெறும் மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்தான். போக மனமே இல்லை. பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை உடனே எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சில மாதங்களாக வாயேஜர் பொறியாளர்கள் செய்துவரும் வேலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதே நேரத்தில் நீங்கள் வந்து ‘பழைய இரும்பு’ என்கிறீர்கள். பிடித்துக்கொண்டுவிட்டேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். 3ஐ/அட்லஸ் ஒரு வால்நட்சத்திரம். 2025 ஜூலை 1 அன்று சிலியில் இருக்கும் தொலைநோக்கி ஒன்று அதைக் கண்டுபிடித்தது. வேறொரு நட்சத்திரக் குடும்பத்திலிருந்து வந்தது, வாயுவும் தூசும் கக்குகிறது. அதுவே போதுமான அதிசயம். அதற்கு மேல் யூடியூப் தலைப்புகளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. தங்கத் தட்டில் 55 மொழி வாழ்த்துகள் இருக்கின்றன. 1977இல் அவசர அவசரமாக, பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கைக்கு எட்டியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தவை. தமிழ் விடுபட்டதற்குப் பின்னால் சதி ஏதும் இல்லை. அதே தட்டில் இந்துஸ்தானி பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரல் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

இப்போது பழைய இரும்புக்கு வருகிறேன்.

1977இல் ஏவிய இரண்டு வாயேஜர்களில் ஒன்றான வாயேஜர் 1, 2023 நவம்பர் நடுவில் உளற ஆரம்பித்தது. பூமிக்கு வந்துகொண்டிருந்த தகவல் நின்று, ஒன்றும் பூஜ்யமுமாக ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. கலம் உயிரோடு இருக்கிறது, கட்டளையைக் கேட்கிறது, ஆனால் பேச்சில் பொருள் இல்லை. அது இருந்தது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு கட்டளை போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 22 மணி நேரத்துக்கு மேல். திறந்து பார்க்க முடியாது, தட்டிப் பார்க்க முடியாது. செய்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், பலர் இறந்துவிட்டார்கள். எழுபதுகளில் எழுதிய காகிதங்கள் இருந்தன. அவற்றை எழுதியவர்கள் இப்படி ஒரு கோளாறு வரும் என்று நினைத்தே பார்த்திருக்கவில்லை.

2024 மார்ச் 1 அன்று ஒரு கட்டளை அனுப்பினார்கள். வேறு வேறு வழியில் நிரலை ஓட்டிப் பார், பழுதான இடத்தைத் தாண்ட முடிகிறதா என்று பார் என்பதுதான் அதன் சாரம். மார்ச் 3 அன்று வந்த பதிலும் மற்ற உளறல்களிலிருந்து கொஞ்சம் வேறுபட்ட ஒரு உளறலாகத்தான் தெரிந்தது. விண்கலங்களோடு பேசும் நாசாவின் ஆண்டெனா வலைப்பின்னலில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் அதை விடாமல் பிரித்துப் படித்தார். தகவல்களைத் தொகுக்கும் கணினியின் மொத்த நினைவகமும் அதற்குள் இருந்தது. அதைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது காரணம் கிடைத்தது: ஒரே ஒரு சிப் செத்துப்போயிருந்தது. அந்த நினைவகத்தில் சுமார் 3 சதவீதம்.

மொத்த நினைவகமே 16 பிட் சொற்கள் 8,192தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படத்தின் மூலையைக்கூட அதில் வைக்க முடியாது. செத்த சிப்பில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், ஆனால் அதை முழுசாக ஏற்க எங்கும் இடமில்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துபொந்துகளில் செருகி, ஒன்றை ஒன்று கூப்பிடும் முகவரிகளையெல்லாம் திருத்தி, ஏப்ரல் 18 அன்று முதல் துண்டை அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று ஐந்து மாதங்களில் முதல்முறையாகக் கலம் தன் உடல்நிலையைப் புரியும்படி சொன்னது. ஜூனில் நான்கு கருவிகளும் அறிவியல் தகவல் அனுப்பத் தொடங்கின. இதைத்தான் நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள்.

அடுத்த வருடம் இன்னொன்று. கலம் உருளாமல் ஒரு வழிகாட்டி நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்க த்ரஸ்டர்கள் என்ற சின்ன உந்து எஞ்சின்கள் இருக்கின்றன. அது உருண்டால் ஆண்டெனா பூமியை விட்டு விலகிவிடும். உருளலைத் தடுக்கும் முதன்மை த்ரஸ்டர்கள் 2004லேயே நின்றுபோனவை, உள்ளே இருந்த இரண்டு சின்ன ஹீட்டர்களுக்கு மின்சாரம் போகவில்லை. மாற்று இருக்கிறதே என்று அப்போது விட்டுவிட்டார்கள். மாற்றின் எரிபொருள் குழாயில் மெல்ல அடைப்பு சேர்ந்துகொண்டே வந்தது. 2025இல் ஒருவர் இருபது வருடத்துக்கு முந்தைய முடிவை மறுபடி எடுத்துப் பார்த்து, ஹீட்டர் கெட்டிருக்காது, ஏதோ ஒரு ஸ்விட்ச் தவறான நிலைக்கு மாறியிருக்கலாம் என்றார். சோதிப்பதில் ஆபத்து இருந்தது. ஹீட்டர் சூடேறாத நிலையில் த்ரஸ்டர் தானாகப் பற்றினால் சின்ன வெடிப்பு நேரலாம். வாயேஜர்களுக்குக் கட்டளை அனுப்பும் வலுவுள்ள ஒரே ஆண்டெனா ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கிறது, 70 மீட்டர் அகலம். அதையும் அந்த வருடம் மே மாதத்திலிருந்து மேம்பாட்டு வேலைக்காக நிறுத்தவிருந்தார்கள். அதற்குள் செய்தாக வேண்டியிருந்தது. மார்ச் 20 அன்று செய்தார்கள். ஹீட்டரின் வெப்பநிலை ஏறியது. செத்ததாக எழுதி மூடிய த்ரஸ்டர்கள் வேலை செய்தன.

நீங்கள் கேட்ட விண்மீன் பயணத்தை நான் மறக்கவில்லை. அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மிக அருகில் இருக்கும் ப்ராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரம். வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் 70,000 வருடத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ‘எஞ்சின்தான் சிக்கல்’ என்று எழுந்துவிடுகிறார்கள். நீங்களும் அதையே செய்கிறீர்கள். ஸ்டார்ஷாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஏப்ரலில் கோடீஸ்வரர் யூரி மில்னரும் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கும் மேடையில் நின்று அறிவித்தார்கள். சில கிராம் எடையில் ஒரு சிப், அதற்கு ஒரு பாய், தரையிலிருந்து 100 ஜிகாவாட் லேசர், ஒளியின் வேகத்தில் 20 சதவீதம். எல்லாம் நடந்துவிட்டது என்றே வையுங்கள். பயணம் 20 வருடத்துக்கு மேல். படம் திரும்பி வர இன்னும் 4 வருடத்துக்கு மேல். ஏவிய நாளில் முப்பது வயதாக இருந்தவர் படம் வரும் நாளில் ஓய்வு வயதை நெருங்கியிருப்பார். நாற்பத்தைந்து வயதாக இருந்தவர் வீட்டில் இருப்பார், அல்லது இருக்கமாட்டார். அந்த மெல்லிய சமிக்ஞையை எந்த அலைவரிசையில், எந்த நாளில், எந்தக் குறிமுறையில் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் அன்றைக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். அவரை உருவாக்கும் எஞ்சின் எது? அதற்கு எந்த ஆய்வகத்தில் நிதி ஒதுக்குகிறார்கள்?

எழுபதுகளில் டேடலஸ் என்ற விண்மீன் கலத் திட்டத்தை வரைந்த பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டிக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. பர்னார்ட் நட்சத்திரத்துக்கு இணைவு எஞ்சினில், ஒளியின் வேகத்தில் 12 சதவீதம், சுமார் 50 வருடப் பயணம். அந்தக் காகிதக் கலத்தில் அவர்கள் எஞ்சினை மட்டும் வரையவில்லை. வழியில் பழுது பார்க்கவென்றே தனியாக ரோபோக்களையும் கலத்தில் வைத்தார்கள். ஐம்பது வருடம் போகிற எதுவும் வழியில் கெடும் என்று ஒப்புக்கொண்ட பொறியாளர்கள். அவர்களைப் படியுங்கள், எஞ்சினைப் பற்றிய பகுதிகளைத் தாண்டியும் படியுங்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று நீங்கள் நினைக்கலாம். என் பெரியப்பா ஒரு சின்ன ஊரின் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்தார். ஆற்றோரத்தில் உறைகிணறு, பக்கத்தில் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம். காக்கி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். நிர்வாகம் கொடுத்த லாக் புக்கில் நேரமும் ஆம்பியரும் மட்டும்தான் எழுத இடமிருக்கும். மற்றதெல்லாம் இந்த நோட்டில். ‘ஆடியில் புதுத்தண்ணி வந்ததும் ஃபுட் வால்வில் சருகு அடைக்கும். முள் இறங்கும். உடனே நிறுத்து, ஓட்டிப் பார்க்காதே.’ ‘கிளாண்டில் சொட்டிக்கொண்டே இருக்கணும். சொட்டு நின்றால் பயப்படு.’ இரண்டாவதன் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. அதைக் காட்டி எனக்கு விளக்கியிருக்கிறார். கிளாண்ட் என்பது ஷாஃப்ட் பம்புக்குள் நுழையும் இடத்தில் கயிறு சுற்றிய அடைப்பு. கசிகிற அந்தத் தண்ணீர்தான் சுற்றுகிற ஷாஃப்டைக் குளிர வைக்கிறது. அழகாக இருக்க வேண்டும் என்று நட்டை முறுக்கிக் கசிவை நிறுத்தினால் உள்ளே கயிறு கருகி ஸ்லீவைத் தின்றுவிடும்.

அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, டிபன் கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கூட ஒரு ஆளைப் போட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள் என்று அவர் ஆறு மாதம் முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். போடவில்லை. நோட்டு பழைய ரிஜிஸ்டர்களோடு எடைக்குப் போனது. ஒப்பந்தத்தில் வந்த பையன் நல்ல பையன்தான், சுத்தமானவன். தரையெல்லாம் ஈரமாகக் கிடக்கிறதே என்று கிளாண்டை முறுக்கிவிட்டான். ஊர் ஒரு வாரத்துக்கு மேல் லாரித் தண்ணீருக்கு நின்றது. பெரியப்பாவைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அவர் தானாகப் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். அன்றிரவு சாப்பிடவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் முப்பது வருடத்தில் சேர்த்த அறிவை எடைக்குப் போடலாம் என்று நினைத்தவர்கள் மேல்தான் கோபம். அதே மனநிலை உங்கள் கடிதத்தில் ஒரு வரியாக வந்து நிற்கிறது. ‘வெறும் மெயின்டனன்ஸ்.’ தம்பி, இதை யார் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது? நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்த ஒருவர் எப்படி இதை எழுத முடிகிறது? புதிதாகச் செய்கிறவர் மேல், செய்ததை ஓட்டுகிறவர் கீழ் என்கிற இந்தப் படிக்கட்டு உங்கள் கல்லூரியில் இருக்கலாம், கல்யாணச் சந்தையிலும் இருக்கலாம். நட்சத்திரத்துக்குப் போகிற பாதையில் அது கிடையாது.

எட் ஸ்டோன் என்று ஒருவர். 1972இல் வாயேஜரின் தலைமை அறிவியலாளர் ஆனார், 2022 வரை ஐம்பது வருடம் அதே பொறுப்பு. அதற்குப் பிறகு வந்த லிண்டா ஸ்பில்கர் 1977லேயே அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர். கலம் சூரியனின் ஆளுகையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் நுழைந்தது 2012 ஆகஸ்ட் 25. அதைக் காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவி, அதற்குப் பொறுப்பாளராக இருந்தவரும் ஸ்டோன்தான். 2024 ஜூனில் அவர் இறந்தார். வாயேஜரின் மின்சாரம் வருடத்துக்கு 4 வாட் வீதம் குறைந்துகொண்டே வருகிறது, எதையாவது அணைத்தால்தான் மற்றது ஓடும். 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1இல் அந்தக் கருவியை அணைத்தார்கள். எதை அணைப்பது, எதை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்வது என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களில், கலம் ஏவப்பட்டபோது பிறந்திராதவர்களும் உண்டு. ஒரு பொருளை இன்னொரு தலைமுறையிடம் கெடாமல் ஒப்படைத்தவர்கள் என்று விண்வெளித் துறையில் சொல்ல வேண்டுமானால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் இவர்கள்தான். அதற்கு ஆகும் செலவு மற்ற திட்டங்களோடு வைத்துப் பார்த்தால் சொற்பம். அதைப் பிடுங்கி எஞ்சின் செய்ய முடியாது.

சரி, மேற்படிப்பு. ஒளிப்பாயை எடுங்கள். இணைவில் ஓடும் மின்நிலையம் தரையிலேயே இன்னும் வரவில்லை, எஞ்சின் அதற்கும் அப்பால். பாயில் இன்றைக்கே கைவைத்துச் செய்ய வேலை இருக்கிறது. ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் 2010இலேயே சூரிய ஒளியில் பாய் விரித்துக் காட்டியது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் 50 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு சவ்வின் மேல் லேசர் தரும் அழுத்தத்தை அளந்து 2025இல் வெளியிட்டார்கள். ஸ்டார்ஷாட் நின்றாலும் அது கிளப்பிவிட்ட கேள்விகள் ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பொருளறிவியலில் அடித்தளம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆயுளுக்குள் அனுப்புவார்களா என்றால், அனுப்பக்கூடும். படம் வரும்போது நீங்கள் கிழவராக இருப்பீர்கள்.

ஆனால் அதற்கு முன் அந்தச் சிமென்ட் ஆலைக்குப் போங்கள். அங்கே கில்ன் என்ற சுழலும் சூளை சூடாக இருக்கும்போது மின்சாரம் போனால் அதை அப்படியே நிற்கவிட முடியாது, அதன் இரும்பு உருளை தொய்ந்துவிடும். ஆக்ஸிலரி டிரைவ் என்ற துணை இயக்கியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரவு ஷிஃப்டில் அதைச் செய்கிறவர் யார் என்று சேர்ந்த முதல் வாரமே விசாரியுங்கள். அவருக்கு ஓய்வு எப்போது என்றும் கேளுங்கள். ஒரு நீள நோட்டு வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மேற்படிப்புக்கான கேட் தேர்வு பிப்ரவரியில்தான் வருகிறது, ஷிஃப்ட் முடிந்து வந்து படிக்க நேரம் இருக்கும்.

அன்புடன்