எலிக் கல்லீரலில் செல் சவ்வைப் பிரிக்கும்போது மைட்டோகாண்ட்ரியா ஏன் விடாமல் கூடவே வருகிறது?

சுக்ரோஸ் கிரேடியன்ட்டை (அடர்த்தி வேறுபட்ட சர்க்கரைக் கரைசல் அடுக்குகளை) மூன்று முறை ஓட்டியும் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனையில்) மைட்டோகாண்ட்ரியா புரதத்தின் பட்டை போகவில்லை, சென்ட்ரிஃப்யூஜ் ரோட்டார் வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால், கல்லீரலை அரைக்கும் இடத்தில்தான் இருக்கும்.

நானும் முதல் வருஷம் டவுன்ஸ் ஹோமோஜெனைசரில் (திசுவை அரைக்கும் கண்ணாடிக் குழாயில்) இறுக்கமான பெஸ்டிலைப் (உள்ளே போகும் உலக்கையைப்) போட்டு, நன்றாக அரைத்தால் நன்றாகப் பிரியும் என்று நம்பி முப்பது தடவை இடித்தேன். கடைசியில் மூக்குச்சளி மாதிரி கொழகொழவென்று ஒன்று நின்றது, பிப்பெட்டில் எடுத்தால் நூலாக இழுத்தது. நியூக்ளியஸ் உடைந்து டிஎன்ஏ வெளியே வந்துவிட்டால் அப்படித்தான், அதில் மைட்டோகாண்ட்ரியா முதற்கொண்டு எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கல்லீரல் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை, அதனால் மென்மையாக உடைத்தால் சவ்வு அகலமான தாள்களாகக் கிழிந்து வரும். அந்தத் தாள்கள் கனமானவை, 1500 ஜி-யிலேயே (ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு) படிந்துவிடும், மைட்டோகாண்ட்ரியாவில் பெரும்பகுதி மேலே திரவத்திலேயே நின்றுவிடும். முரட்டுத்தனமாக இடித்தால் தாள் பொடிப்பொடிக் குமிழ்களாகி மைக்ரோசோமோடு (செல்லின் உள்சவ்வுகள் உடைந்த சிறு குமிழ்களோடு) போய்விடும், அப்புறம் எந்த கிரேடியன்ட்டும் காப்பாற்றாது. தளர்ந்த பெஸ்டில், பத்து இடி, ஐஸ் மேலேயே, பஃபரில் 0.25 மோலார் சுக்ரோஸோடு 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு (நியூக்ளியஸ் உடையாமலிருக்க). முதலில் 280 ஜி-யில் 5 நிமிடம் சுற்றி உடையாத செல்களைத் தள்ளிவிட்டு, மேலே உள்ளதை 1500 ஜி-யில் 10 நிமிடம். அந்த பெல்லட்டை (அடியில் படிந்ததை) 1.42 மோலார் சுக்ரோஸில் கலக்கி, மேலே 0.25 மோலாரை மெதுவாக ஊற்றி 82,000 ஜி-யில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சவ்வு மிதந்து இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் பட்டையாக நிற்கும், மைட்டோகாண்ட்ரியாவும் நியூக்ளியஸும் அடியில் போகும். சுக்ரோஸை எடை போட்டதோடு விடாமல் ரிஃப்ராக்டோமீட்டரிலும் (ஒளி விலகலை வைத்துக் கரைசலின் செறிவைக் காட்டும் கருவி) பாருங்கள்.

எலியை முந்தின இரவு பட்டினி போட்டீர்களா? போடாவிட்டால் கல்லீரல் சேமித்து வைக்கும் கிளைக்கோஜனும் பெல்லட்டில் வந்து உட்காரும்.

இன்னொன்று, மைட்டோகாண்ட்ரியா பட்டை சுத்தமாக மறையாது. ஹோமோஜெனேட்டையும் (பிரிக்காத அரைத்த கலவை) சவ்வையும் ஒரே அளவு புரதமாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, பட்டை குறைந்திருக்கிறதா, செல் சவ்வின் அடையாள நொதியான 5'-நியூக்ளியோடைடேஸின் செயல்பாடு ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று பாருங்கள்.

மைனஸ் 80-ல் வைத்த கல்லீரலையா எடுத்தீர்கள்? அப்படியானால் உறைந்து உருகியதிலேயே மைட்டோகாண்ட்ரியா உடைந்திருக்கும், புதுசாக ஒன்று எடுத்துச் செய்து பாருங்கள்.